அறைப்புரை வீட்டு மரம் இன்னும் எத்தனை வருஷம் நிற்கும்? கணக்குப் போட வழி உண்டா?

ஆற்றங்கரை வீடு | ஜூன் 14

எல்லாருக்கும் வணக்கம். திருவட்டாறு பக்கம், பரளியாற்றங்கரையில எங்க அப்பா பிறந்த வீடு இருக்கு. நடுவுல அறைப்புரை (மரச்சுவர் வச்ச உள்வீடு), சுத்தி நாலுபக்கமும் சாய்ப்பு, மேல ஓடு. சுவரே மரம்தான், அயினிப் (காட்டுப் பலா வகை) பலகை நிரை. உத்தரம், கழுக்கோல் (ஓட்டைத் தாங்குற சாய்வுக் கட்டை) எல்லாம் அயினியும் பலாவும். மோந்தாயத்துல (கூரை உச்சிக் கட்டை) கொல்லவருஷம் 1087னு வெட்டியிருக்கு. அப்படின்னா 1912 வாக்குல கட்டினது.

ஆறு வருஷமா பூட்டிக் கிடக்கு. போன மாசம் கடனுக்காக மதிப்பீடு பண்ண ஒருத்தர் வந்தார். கால்மணி நேரம் சுத்திப் பார்த்துட்டு "மரக் கட்டுமானம், மீதி ஆயுள் 10 ஆண்டு"ன்னு எழுதிக் குடுத்துட்டார். அந்த ஒரு வரியப் புடிச்சுக்கிட்டு ரெண்டு சித்தப்பாவும் "பத்து வருஷத்துல விழப்போற வீட்டை எதுக்கு வச்சிருக்கணும், இப்பவே பிரிச்சு மரத்தை வித்தா நல்ல விலை கெடைக்கும்"ங்கிறாங்க. பழைய மரம் வாங்குற ஆளும் ரெண்டு தடவை வந்து தூணைத் தட்டிப் பார்த்துட்டுப் போயாச்சு.

எனக்கு இடிக்க மனசில்ல. ஆனா மனசில்லன்னு மட்டும் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. மரம் எவ்வளவு காலம் தாங்கும்னு முன்கூட்டிச் சொல்ல உண்மையிலேயே ஒரு முறை இருக்கா? 10 வருஷம்ங்கிறது எங்கிருந்து வந்தது?

தளம் போட்டவன் | ஜூன் 14

உங்க ஆசை புரியுது. ஆனா எங்க வீட்டையும் 98ல பிரிச்சுட்டுத்தான் தளம் போட்டோம். வருஷா வருஷம் ஓடு மாத்தணும், சிதலுக்கு (கரையான்) மருந்தடிக்கணும், ஆள் கெடைக்காது. நம்ம ஊர் மழைக்கு மரம் ஒத்துவராது.

மழைக்கணக்கு | ஜூன் 15

அந்த 10 ஆண்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. 31 வருடம் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்தவன், இதே தவறை வேறு அறிக்கைகளிலும் பார்த்திருக்கிறேன்.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் நெடுங்காலமாக ஒரு சோதனை நடக்கிறது. ஒவ்வொரு மரத்தின் வைரத்திலிருந்தும் (நடுவில் முற்றிய கட்டை) 60 செ.மீ. நீளம், 5 செ.மீ. சதுரத்தில் கட்டைகள் அறுத்து, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வரிசையாக நடுவார்கள். பார்க்கக் கல்லறைத் தோட்டம் மாதிரி இருப்பதால் பெயரே கிரேவ்யார்டு டெஸ்ட். கட்டைகள் சராசரியாக 120 மாதமோ அதற்கு மேலோ தாங்கினால் அந்த மரம் முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் இரண்டாம் வகுப்பு. 60க்குக் கீழே மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு.

120 மாதம் என்றால் 10 ஆண்டு. உங்கள் வீட்டுக்கு வந்தவர் அட்டவணையில் அந்த எண்ணைப் பார்த்து அப்படியே வீட்டு ஆயுளாக எழுதியிருக்கலாம். திறந்த வெளியில் மழை, வெயில், சிதல் மூன்றுக்கும் நடுவே மண்ணில் புதைந்து நிற்கும் இரண்டு அங்குலக் கட்டையின் கணக்கு அது. மரத்துக்கு மரம் ஒப்பிடுவதற்கான அளவுகோல். ஓட்டுக்கு அடியில் கல்லின் மேல் நிற்கும் ஆறு அங்குல உத்தரத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. பொருந்துமானால் உங்கள் வீடு 1922இலேயே விழுந்திருக்க வேண்டும்.

உளிச்சத்தம் | ஜூன் 15

தங்கச்சி, நான் தக்கலைப் பக்கம். நாலு தலைமுறையா ஆசாரி வேலை. பத்மநாபபுரம் கொட்டாரத்துல (அரண்மனை) தாய்க்கொட்டாரம் போய்ப் பாருங்க. ஏகாந்த மண்டபத்துல பலாத் தூண் ஒண்ணு நிக்கி, உடம்பு பூரா கொத்துவேலை. தேக்குகூட இல்ல, பலா. அது ஏன் இன்னும் நிக்கின்னா மழைத்தண்ணி அதைத் தொட்டதே இல்ல. மரம் எந்த சாதிங்கிறது ரெண்டாவதுதான் கேட்டியளா. அது எங்க நிக்கிங்கிறதுதான் முதல்ல.

இன்னொரு காரியம். மரம் பக்கவாட்டுல தண்ணி குடிக்கிறது கொஞ்சம்தான். வெட்டின தலைப்பு வழியாத்தான் குடிக்கும், நல்லா குடிக்கும். கழுக்கோல் எறவாணத்துல (கூரை விளிம்பு) நீட்டிக்கிட்டு நிக்கிற நுனி, உத்தரம் மூலையில ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற வெட்டு, தூணோட அடிப்பாகம். வீடு முழுசையும் பாக்காண்டாம், இந்த இடங்களைப் பாருங்க. நடுக்கூடத்து வளை (குறுக்குக்கட்டை) எல்லாம் நம்மளை எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டுத்தான் போகும்.

வெள்ளை, அதாவது வைரத்துக்கு வெளிய இருக்க இளங்கட்டை, இருக்கான்னும் பாக்கணும். பழைய ஆளுக அறுக்கும்போதே வெள்ளையைச் செத்தி எறிஞ்சிருவாங்க. வைரத்துல இருக்க சத்து வெள்ளையில கெடையாது, எந்த மரமானாலும் வெள்ளை மக்கும், வண்டு துளைக்கும்.

ஆற்றங்கரை வீடு | ஜூன் 16

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மழைக்கணக்கு சார், அப்ப எங்க வீட்டுக்குன்னு கணக்குப் போட சூத்திரம் எதுவும் இல்லையா? சித்தப்பா ரெண்டு பேருமே கணக்கு வாத்தியார்கள். எண் சொன்னாத்தான் எடுபடும்.

மழைக்கணக்கு | ஜூன் 17

உண்டு. ஆனால் எது எதற்குப் பொருந்தும் என்பதைத் தெரிந்து போட வேண்டும்.

முதலில் ஊரின் கணக்கு. அமெரிக்காவில் தியோடர் ஷெஃபர் என்பவர் 1971இல் ஒரு குறியீடு கொடுத்தார். ஒவ்வொரு மாதத்தின் சராசரி வெப்பத்திலிருந்து (செல்சியஸில்) 2 கழியுங்கள். அந்த மாதத்தில் மழை பெய்த நாட்களிலிருந்து 3 கழியுங்கள். இரண்டையும் பெருக்கி, 12 மாதத்தையும் கூட்டி, 16.7ஆல் வகுங்கள். விடை 35க்குக் கீழ் என்றால் வெளியில் நிற்கும் மரம் மெதுவாக மக்கும் ஊர். 65க்கு மேல் என்றால் வேகமாக மக்கும் ஊர். மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் கேட்கவில்லை, எத்தனை நாள் என்று கேட்டார். ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயிலடித்தால் மரம் காய்ந்துவிடும். பத்து நாள் சாரல் விடாமல் தூறினால் காயாது.

நம் பக்கத்துக்குப் போட்டுப் பாருங்கள். வெப்பம் 27, மழை 12 நாள் என்றால் அந்த ஒரு மாதத்துக்கே 25 × 9 ÷ 16.7, அதாவது 13.5. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் சேர்ந்து இப்படி ஏழு மாதம் வந்தால் 94. அமெரிக்கப் பெருநிலம் முழுவதும் 0 முதல் 100க்குள் அடங்கும்படி அவர் அமைத்த அளவுகோலில் நாம் உச்சியில் நிற்கிறோம். தளம் போட்டவன் நண்பர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு நேரடியாக மழையில் நனையும் மரத்துக்கு மட்டும். எறவாணத்துக்கு உள்ளே வந்துவிட்டால் மழை நாளை எண்ணிப் பயனில்லை.

அடுத்தது காரணிப் பெருக்கல். ஐஎஸ்ஓ 15686 என்ற சர்வதேசத் தரநூலில் உள்ளது. ஒரு அடிப்படை ஆயுளை எடுத்துக்கொண்டு, பொருளின் தரம், வடிவமைப்பு, வேலைத்திறன், உட்புறச் சூழல், வெளிச்சூழல், பயன்பாடு, பராமரிப்பு ஆகிய ஏழுக்கும் ஏழு எண் கொடுத்துப் பெருக்குவது. பார்க்க அழகாக இருக்கும். அடிப்படை 40 ஆண்டு என்று வையுங்கள். ஏழையும் கொஞ்சம் குறைத்து 0.9 போட்டால் 19 ஆண்டு. கொஞ்சம் கூட்டி 1.1 போட்டால் 78 ஆண்டு. மதிப்பிடுபவர் கை சற்று இப்படி அப்படிச் சாய்ந்தால் விடை நாலு மடங்கு மாறுகிறது. உங்கள் சித்தப்பாக்களிடம் இந்தப் பெருக்கலையே காட்டுங்கள், கணக்கு வாத்தியார்களுக்குப் புரியும்.

எனக்கு நம்பிக்கை உள்ளது மூன்றாவது வழி. ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் கள அளவுகளை வைத்து உருவாக்கியது. மக்குவது முதல் நாளிலிருந்து தொடங்குவதில்லை. நனைய ஆரம்பித்துச் சில வருடம் ஒன்றும் நடக்காது. பூஞ்சை பிடித்தபின் வருடத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று உள்ளே போகும். காத்திருப்பு, பிறகு வேகம். அந்த இரண்டையும் உங்கள் வீட்டிலேயே அளக்கலாம்.

எந்த வழியானாலும் அடியில் இருப்பது ஈரம்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் மக்க வைக்கும் பூஞ்சை வாழாது. 28, 30 தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். நம் ஊர்க் காற்றில் மூடிய கூரைக்குள் மரம் தானாக 20ஐத் தொடுவது அரிது. எங்கே தொட்டிருக்கிறதோ அங்கே எங்கிருந்தோ தண்ணீர் வருகிறது என்று பொருள். இரண்டு ஊசி வைத்த ஈர மீட்டர் கடையில் கிடைக்கிறது, வாங்குங்கள். 30க்கு மேல் அது காட்டும் எண்ணை நம்ப வேண்டாம், நனைந்திருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்பாத்தி ஜன்னல் | ஜூன் 18

நான் பாலக்காடு. எங்க அக்ரஹாரத்துல கண்ணால பார்த்ததைச் சொல்றேன். மரம் தானா போனதைவிட நாம பண்ணின சீர்திருத்தத்தால போனதுதான் ஜாஸ்தி. எங்காத்துல ஓடு ஒழுகறதுன்னு ஓட்டுக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட் விரிச்சா. கீழே ஃபால்ஸ் சீலிங் அடிச்சா. நாலு வருஷம் கழிச்சுப் பிரிச்சப்போ கழுக்கோல் எல்லாம் வேர்த்துக் கிடந்தது. முன்னாடி ஓடு ஒழுகினாலும் காத்து போயிண்டிருந்தது, சாயங்காலத்துக்குள்ள காஞ்சுடும்.

அடுக்களையையும் யோசிச்சுப் பாருங்கோ. விறகடுப்பு இருந்தவரைக்கும் அந்தக் கூரையில பூச்சி அண்டாது, புகையும் சூடும் தினமும் மேலே போகும். கேஸ் வந்தப்புறம் எங்காத்துல முதல்ல போனது அடுக்களைக் கழுக்கோல்தான்.

கொல்லங்கோடு கடப்புறம் | ஜூன் 18

கடல்பக்கத்துக்காரன் ஒண்ணு சேத்துக்கிறேன். மரத்தைப் பாக்கும்போது ஆணியையும் பாருங்க. ஈரத்துல இருக்க மரத்துல இரும்பாணி துருப்புடிச்சா, ஆணியைச் சுத்தி மரமே கருத்துப் பொடியாப் போயிரும். பழைய வள்ளத்துல இது எங்களுக்கு நல்லாத் தெரியும். பலகை நல்லாத்தான் இருக்கும், ஆணி நிக்காது. உங்க வீட்டுல பழைய வேலை மரஆணியா இருந்தா நல்லது, பொறவு ரிப்பேர் பண்ணினவங்க என்ன அடிச்சாங்கன்னு பாருங்க. மருந்துன்னு கேட்டா, எங்க ஆளுக அண்டி எண்ணெய்தான் பூசுவாங்க, கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) ஓட்டுல இருந்து எடுக்கிறது. தோலுல பட்டா பொள்ளிரும், கை பத்திரம்.

ஆற்றங்கரை வீடு | ஜூலை 20

தாமதத்துக்கு மன்னிக்கணும். மீட்டர் வாங்கி, ரெண்டு ஞாயித்துக்கிழமை முழுக்க ஏணி போட்டு ஏறி அளந்தேன். மொத்தம் 64 இடம். உளிச்சத்தம் அண்ணன் சொன்ன இடமெல்லாம் விடாம.

நல்ல மழைக்காலத்துலயே உள்ளறை வளை, மோந்தாயம், நிரைப்பலகை எல்லாம் 14லேருந்து 17. தூணடி 16, எல்லாத் தூணும் ஒண்ணரை அடி உயரக் கல்லு மேல இருக்கு. கெழக்கு, தெக்கு எறவாணம் 18, 19.

வடமேற்கு மூலைதான். அங்க அடுக்களைக் கூரையும் வீட்டுக் கூரையும் சேர்ற எடத்துல தகரப் பாத்தி (கூரைத் தண்ணி ஓடுற வாய்க்கால்) ஒண்ணு போகுது. அதுக்கு நேர் கீழ இருக்க உத்தரம் பாக்க நல்லா பளபளன்னு இருந்துச்சு, ஏன்னா பச்சை எனாமல் பெயிண்ட் அடிச்சிருக்கு. மீட்டர் ஊசியை வச்சேன், 30ஐத் தாண்டிருச்சு. குத்தூசியை எடுத்துச் சும்மா அழுத்தினேன். பெயிண்ட் தோல் 'பட்'டுனு ஒடஞ்சு ஊசி கைப்பிடி வரைக்கும் உள்ள போயிருச்சு. இழுத்தப்ப காப்பிப்பொடி நெறத்துல ஈரமா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பெயிண்டை உரிச்சுப் பார்த்தா உள்ள மரம் சின்னச் சின்னக் கட்டமா வெடிச்சு, வெரல்ல வச்சுத் தேய்ச்சா மாவாகுது. எனக்கு அங்கேயே அழுகை வந்துருச்சு. ஏணிய விட்டு எறங்கி ரொம்ப நேரம் திண்ணையில உக்காந்திருந்தேன்.

பெறகு மறுபடியும் ஏறி, ஊசியால வரிசையாக் குத்தி ஆழம் பார்த்தேன். மூலையில 4.5 செ.மீ. ரெண்டடி தள்ளி 1 செ.மீ. மூணடி தாண்டினா ஊசி எறங்கவே இல்ல, மரம் இரும்பு மாதிரி. உத்தரத்தோட கனம் 15 செ.மீ. அந்த மூலையில ரெண்டு கழுக்கோல் நுனியும் போயிருக்கு. பாத்தி மாத்தினது 2016லன்னு பழைய சீட்டு கெடச்சுது.

மழைக்கணக்கு | ஜூலை 20

அம்மா, நீங்கள் அளந்து வந்தது எந்த அறிக்கையையும் விட மேல். இனிக் கணக்கு நீங்களே போடலாம்.

பாத்தி மாற்றி ஒன்பது வருடம், ஆழம் 45 மி.மீ. முதல் மழையிலேயே ஒழுகத் தொடங்கியது என்று வைத்தால் வருடத்துக்கு 5 மி.மீ. ஆனால் காத்திருப்புக் காலம் உண்டல்லவா? அது மூன்று வருடம் என்றால் மீதி ஆறு வருடத்தில் 45, அதாவது 7.5. எனவே விட்டுவிட்டால் அடுத்த ஐந்து வருடத்தில் இன்னும் 25 முதல் 38 மி.மீ. போகும். மூலை உட்காரும், ஓடு சரியும், பிறகு தண்ணீர் நல்ல மரத்துக்கும் பரவும். 10 வருடத்தில் வீடு விழும் என்று எழுதியவர் இந்த ஒரு மூலைக்கு எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

இன்னொன்று. 15 செ.மீ. உயரத்தில் 4.5 போய்விட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இழப்புதானே என்று தோன்றும். வளைவைத் தாங்கும் பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10.5ஐ 15ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.49. பாதி பலம் போயிற்று. அந்த உத்தரம் நீளம் முழுக்கச் சுவர்த் தலைப்பில் படுத்திருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள், தூணிலிருந்து தூணுக்குப் பாலமாக நின்றிருந்தால் ஆபத்து. கட்டமாக வெடிக்கும் அந்தப் பழுப்பு மக்கல் மோசமானது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறையும் முன்பே அடி தாங்கும் பலத்தில் பாதிக்கு மேல் போய்விடும். ஊசி எளிதாக இறங்காத இடத்திலும் ஓரமாக உள்ள மரத்தை நம்பாதீர்கள், ஓரடி கூடுதலாகவே வெட்டச் சொல்லுங்கள்.

மற்ற 60 இடம்? அங்கே ஈரம் 20ஐத் தொடவில்லை. தொடாதவரை கடிகாரமே ஓடவில்லை. நார்வேயில் பழைய மரத் தேவாலயங்களின் தூண்களை முதலில் மண்ணில் நேராக நட்டார்கள், அடி மக்கி எல்லாம் போயிற்று. பிறகு கல் அடித்தளத்தின் மேல் மரச் சட்டம் வைத்து அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். 12ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டிய ஊர்னெஸ் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் ஆசாரி ஒன்றரை அடிக் கல் வைத்ததும் அதே அறிவுதான்.

உளிச்சத்தம் | ஜூலை 21

தங்கச்சி அழாதீங்க. அது மூணடி வேலை. மூலையில நல்ல மரம் வரைக்கும் சாய்வா வெட்டி எடுத்துட்டு, காஞ்ச பழைய அயினித் துண்டு வச்சுச் சேத்து மரஆணி அடிச்சா தீர்ந்துச்சு. புது மரம் வச்சா நம்ம கண்ணு முன்னாடியே சுருங்கி வாய் பிளக்கும், அதனால பழசு. கழுக்கோல் நுனிக்கும் அதே மாதிரி. முழு கழுக்கோலையும் மாத்தணும்னு எவனாவது சொன்னா விடாதீங்க.

ஆனா மொதல்ல பாத்தி. பாத்தியைச் சரியாக்காம மரத்தைத் தொட்டா ஒன்பது வருஷம் கழிச்சு இதே பாடுதான். அந்த எனாமலும் வேண்டாம். ஒழுகின தண்ணி பெயிண்டு வெடிப்பு வழியா உள்ள போவும், வெளிய வர வழி இருக்காது. மரம் வேலை கும்பத்துல (மாசி) வச்சுக்கிடுங்க, நல்லாக் காயும்.

தளம் போட்டவன் | ஜூலை 22

இதை முழுக்கப் படிச்சேன். நான் 98ல பிரிச்ச வீட்டுல என்ன போயிருந்துச்சுன்னு இப்ப யோசிச்சுப் பார்க்கிறேன். தெக்குப்பக்கம் ரெண்டு கழுக்கோலும் ஒரு உத்தரமும்தான். மீதி எல்லாத்தையும் நல்ல மரம்னுதான் வெலைக்கு வாங்கிட்டுப் போனாங்க. போட்ட தளத்துல இப்ப கம்பி துருப்புடிச்சுக் காரை விழுது. அந்த மீட்டர் எங்க வாங்கினீங்கன்னு சொல்லுங்க, பின்னால ஒரு சாய்ப்பு மட்டும் ஓட்டுல மிச்சமிருக்கு.

ஆற்றங்கரை வீடு | மார்ச் 9

வேலை முடிஞ்சுது. மாசியில பன்னெண்டு நாள். பாத்தியை அகலமாக்கி, வழியுற வாய ரெண்டா வச்சோம். முன்னாடி ஒரே வாய், அதுல மாவிலை அடைச்சு நின்னு பின்னுக்குத் தள்ளியிருக்கு, அதுதான் மூலக்காரணம். வெட்டி எடுத்த மூலைக்கட்டையை ரெண்டு சித்தப்பா முன்னாடியும் திண்ணையில வச்சேன். ஒரு தலை மாவு. மறுதலையில ஆசாரி சீவுளி போட்டுக் காட்டினார், மஞ்சள் நெறத்துல பளிச்சுனு வந்துச்சு. சின்னச் சித்தப்பா அதை எடுத்து மோந்து பார்த்துட்டு, "இன்னும் அயினி மணம் அடிக்குதே"ன்னார். 64 இடத்து அளவையும் எழுதின நோட்டை ரெண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தாங்க. காரணிப் பெருக்கலைப் பெரியவர் தானே ஒருதடவை போட்டுப் பார்த்தார். இடிக்கிற பேச்சு இப்ப இல்ல.

நேத்து அளந்ததுல சேர்த்த துண்டு 13, பக்கத்துப் பழைய உத்தரம் 14. எறவாணத்துக் கழுக்கோல் நுனிகளுக்கு அண்டி எண்ணெய் பூசியாச்சு. இடவப்பாதி தொடங்கி மூணாவது வாரம் மறுபடி 64 இடமும் அளந்து இங்கயே போடுறேன். வடமேற்கு மூலையை மட்டும் வாராவாரம் பார்க்கப் பக்கத்து வீட்டுத் தாத்தாகிட்ட மீட்டரைக் குடுத்திருக்கேன், மாவிலை அள்ளுற பொறுப்பும் அவருக்குத்தான்.